முழங்கால் ஆழச் சேறு

மடகாஸ்கரிலிருந்து வந்திருந்த ஹாந்தா மறுநாள் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். வளரும் நாடுகளின் நெல் சாகுபடி அலுவலர்களுக்காகப் பெங்களூரில் நடந்த பயிற்சி முடிந்துவிட்டது. அவருக்கு மீதமிருந்த வேலை ஒன்றுதான்: தம் ஊர்ப் பெண்கள் உண்மையிலேயே பயன்படுத்தக்கூடிய ஒரு களைக்கருவியைத் தேர்ந்தெடுப்பது. முன்பு வேறொரு நாட்டிலிருந்து வந்த கருவிகளை அந்தப் பெண்கள் சில நாள் தள்ளிப் பார்த்துவிட்டு, வாத்துக் கொட்டகைக்கு வேலியாகக் கட்டிவிட்டார்களாம். இன்னொரு முறை அப்படி ஆனால் தம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள் என்று எங்கள் வேனில் வயலுக்கு வரும்போது சொன்னார்.

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் கில்பர்ட் சாரின் பட்டறையில் நான் கணக்கு எழுதுகிறேன். அவர் காட்ட இருந்த கருவி அங்கே செய்ததுதான். இரண்டு பல் உருளைகள், நீளக் கைப்பிடி, சேற்றில் அமிழாமலிருக்க முன்னால் ஒரு தகட்டு மிதவை. நாற்று வரிசைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றுக்குள் புதைந்துவிடும். ஆனேக்கல் பக்கம் விவசாயி கோவிந்தப்பாவின் வயலில்தான் எப்போதும் தள்ளிக் காட்டுவோம்.

ஹாந்தா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். கருவியைத் தொடவில்லை. அங்கங்கே காலை ஊன்றி ஊன்றிப் பார்த்தார்.

“என்ன சார், அந்தம்மா கால் கழுவுறாங்களா?” என்று கேட்டார் கோவிந்தப்பா.

“சும்மா இருங்க. நீங்க ஒத்த நாத்தா நடுறீங்களே, அது அவங்க ஊர்லேர்ந்து வந்த வழி,” என்றார் கில்பர்ட் சார்.

“ஹௌதா, அப்படியா? நம்ம ஆபீசருங்க கண்டுபிடிச்சதுன்னுல்ல நெனச்சேன்.”

ஹாந்தா ஆங்கிலத்தில் கேட்டார்: “இங்கே சேறு கணுக்கால் வரைதான் வருகிறது. ஏன்?”

டிராக்டர் ஓடி ஓடி அடிமண் இறுகிவிட்டது என்று சார் விளக்கினார். தம் ஊரில் மாடுகளை வயலுக்குள் ஓட்டி மிதிக்கவிடுவார்கள், கால் முழங்கால் வரை இறங்கும் என்றார் ஹாந்தா. பல்லைப் பற்றியும் கைப்பிடியைப் பற்றியும் எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. சேற்றின் ஆழத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஹாந்தா சொன்னதை நான் கன்னடத்தில் சொன்னதும் கோவிந்தப்பா, “முழங்கால் சேறுதானே வேணும்? மதகுப் பக்கம் ஒரு துண்டு இருக்கு. மாடு எறங்கினா ஏறாது. அதான் நடாம வுட்டுட்டேன்,” என்றார்.

அங்கே போனோம். ஹாந்தா குச்சிகளை ஒடித்து நாற்று வரிசைபோல் ஊன்றினார். சார் தள்ளினார். கொஞ்ச தூரம் போவதற்குள் மிதவை முழுகி, கருவி கழுத்துவரை புதைந்து நின்றது.

“வாத்துக் கொட்டகை,” என்றார் ஹாந்தா. அவர் சிரிக்கவில்லை.

சார் வேனிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். கால்வாயில் ‘சைட் விற்பனைக்கு’ என்று கன்னடத்தில் எழுதிய தகரப் பலகை ஒன்று விழுந்து கிடந்தது.

“எடுத்துக்குங்க சார். வருஷமாச்சு. சைட்டும் விக்கல, அவனும் திரும்பி வரல,” என்றார் கோவிந்தப்பா.

முதலில் அகலமாக வெட்டி மிதவைக்கு அடியில் கட்டினார்கள். கருவி மிதந்தது, ஆனால் இருபுறமும் குச்சிகளைச் சாய்த்துவிட்டது. அடுத்து ஒடுக்கமாக, நீளமாக வெட்டினார்கள். குச்சிகள் தப்பின. தகரத்தின் நுனிதான் கத்திபோல் சேற்றில் இறங்கியது. ஹாந்தா அதைக் கரையில் வைத்து, நுனியைக் காலால் மிதித்து மேல்நோக்கி வளைத்தார். பிறகு தாமே இறங்கித் தள்ளினார். வரிசையின் கோடிவரை போனது. ஒரு குச்சியும் சாயவில்லை.

“அன்னா, இந்த அளவைக் குறிச்சுக்கோம்மா,” என்றார் சார் என்னிடம்.

நான் பேனாவை எடுத்ததைப் பார்த்ததும் ஹாந்தா கையை அசைத்தார். “அளவு வேண்டாம். மாடு மிதித்த வயல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழம். மிதவை இல்லாமல் அனுப்புங்கள். எங்கள் கொல்லர் வயலைப் பார்த்து அடித்துக்கொள்வார்.”

சார் என் பக்கம் திரும்பினார். “பாதி மெஷினை அனுப்பினா என்னம்மா சொல்வாங்க? நம்ம பேரு கெட்டுடாதா?”

“முழு மெஷின் அனுப்பினவங்க பேரு மட்டும் என்ன ஆச்சு சார்?” என்றேன்.

“வாய் ஜாஸ்தி உனக்கு,” என்றார். பிறகு ஹாந்தாவிடம், அந்தக் கொல்லர் எந்தத் தகரத்தில் வேலை செய்வார் என்று கேட்டார்.

“பழைய எண்ணெய் டிரம்.”

“டிரம்மா? அது தானாவே வளைஞ்சிருக்குமே,” என்று தமிழில் முணுமுணுத்தார். முகம் தெளிந்துவிட்டது. “அப்போ மிதவை மாட்டுற போல்ட் ஓட்டைய வட்டமா போடக் கூடாதும்மா. நீளவாக்குல போட்டாதான் முன்ன பின்ன நகத்தி மாட்ட வரும்.” அதையே ஆங்கிலத்தில் ஹாந்தாவுக்கும் சொல்லி, மிதவை இல்லாமலே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

“அப்படியானால் இந்தக் கருவியையே எடுத்துக்கொள்கிறேன்,” என்றார் ஹாந்தா.

டிரம் எவ்வளவு பெரிது என்பது சாரின் அடுத்த கேள்வி. ஹாந்தா சேறு படிந்த கைகளை வட்டமாக விரித்துக் காட்டினார். சார் தம் கைகளை அதற்குப் பொருத்திப் பார்த்தார்.

“அவ்ளோ பெருசு இருக்காது சார்,” என்று கோவிந்தப்பாவும் தம் கைகளை விரித்தார்.