டிஸ்க் கெடவில்லை

ஜூலை 18, வெள்ளி

அஃப்ஷீனின் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று நேற்று வகுப்பில் சொன்னேன். அது கெடவில்லை. தவறு என்னுடையது.

அஃப்ஷீன் என்னோடு மாலை வகுப்பில் படிக்கிறாள். வீடு கட்டுபவர்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுத் தரும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கும்போல இருக்கிறது. திங்கட்கிழமை மாதிரிப் படம் அனுப்ப வேண்டும். அதற்காக அவள் அண்ணன் ஸாகிப், ஆபீஸில் கழித்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். பழசுதான், ஆனால் மெமரி நாற்பத்தெட்டு ஜிபி. வகுப்பு மெஷின்களில் நாலுதான். அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன். பாதியில் நின்றுவிட்டது. டிஸ்க் போச்சு என்றேன். அப்படியானால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

இன்று கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். மெமரி நிரம்பினால் சமாளிக்க டிஸ்கில் விடும் இடம் ஸ்வாப். மெமரியைப்போல் இரண்டு மடங்கு விடச் சொல்லி வகுப்புத் தாளில் இருக்கிறது. நேற்றைப்போலவே தொண்ணூற்றாறு விட்டேன். திரையில் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரிந்தது. அஃப்ஷீன் எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பச்சை என்னாடி?"

"ஸ்வாப்."

"அப்ப சிஸ்டம்?"

ஓரத்தில் இருந்த துண்டைக் காட்டினேன்.

"பாரதி, இந்த பிளானை எந்த மேஸ்திரிகிட்ட காட்டினாலும் சிரிப்பாரு. வீடு பூரா ஸ்டோர் ரூம். ஹால் எங்க? குடும்பம் ரோட்ல நிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிஸ்க் மொத்தமே நூற்றுப் பதினொன்றுதான். சிஸ்டத்துக்கு மிஞ்சியது பதினைந்து. நேற்று வந்த பிழைச் செய்தியைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். இடம் போதவில்லை என்றுதான் அதில் இருந்தது. டிஸ்க் என்று பார்த்ததும் மீதியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

அதற்குள் வகுப்பு முடிந்தது. ஸாகிப் அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்க வந்துவிட்டார்.

"டிஸ்க் நல்லா இருக்குண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"நேத்து அடிச்சு சொன்னியேம்மா? இன்னிக்கு சொல்றதை எப்பிடி நம்பறது?"

அஃப்ஷீன் குறுக்கே வந்தாள். "நாளைக்கு ஒரு நாள் வுடுண்ணே. ஓடலன்னா நானே வண்டில ஏத்திவுடறேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போனார்.

இரண்டு மடங்கு என்பது மெமரி குறைவான மெஷின்களுக்கான கணக்கு, இதற்கு எட்டு ஜிபி ஸ்வாப் போதும் என்றுதான் தேடிய இடமெல்லாம் போட்டிருக்கிறது. ஆனாலும் எனக்கு உறுதியில்லை.

நாளை காலை வேலைக்குப் போகுமுன் உழவர்கரையில் அஃப்ஷீன் வீட்டுக்குப் போக வேண்டும். டிஸ்கில் நான் போட்ட பழைய பிரிவுகளை அழிக்க வேண்டும். ஸ்வாப் எட்டு, மீதி சிஸ்டத்துக்கு. அவள் படம் போடும் மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.