ஊரே ஒழுகிய வீடு

தலைவரம்மாவின் கூடத்தில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, பதினொரு நாளாக முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருந்தது. சந்தைத் தெருவில் விழுந்த குழி அது. தேர்தல் முடியும்வரை தெரு வேலை எதுவும் தொடங்கக் கூடாது என்று உத்தரவு. அங்கே மூடினால்தான் இங்கேயும் மூடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் பேசாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அவருடைய தாத்தா நகராட்சித் தலைவரான நாளில் தொடங்கிய விஷயம் இது. அன்று மாலை வீட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை. மின்பணியாளர் கம்பிகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஸ்டேஷன் தெரு விளக்குகளைச் சரிசெய்ததும் வீட்டு விளக்குகள் தாமாக எரிந்தன. பிறகு குழாய், அதற்குப் பிறகு சாக்கடை. தாத்தா பத்தொன்பது ஆண்டு, அப்பா இருபத்து நான்கு, அவர் மகளான தலைவரம்மா பதினாறு. அப்பா காலத்தில் பெரிய குழாய் வெடித்தபோது குடும்பமே மூன்று நாள் சாப்பாட்டு மேசைமேல் குடியிருந்தது. தலைவரம்மாவின் கல்யாணத்தன்று துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளை வாசலுக்குள்ளே குவிந்திருந்த குப்பையில் ஏறி இறங்கித்தான் வந்தார். அப்படியே திரும்பிப் போகாததால் நல்ல மனிதர் என்று முடிவாயிற்று. ஊர்க்காரர்கள் அந்தக் குடும்பத்துக்கே ஓட்டுப் போட்டார்கள். பாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. தங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டால் தலைவர் வீட்டிலும் வராது. மனு எழுதும் வேலை மிச்சம்.

ஐம்பத்தெட்டு வயதில் தலைவரம்மா போதும் என்றார். கட்சிச் செயலாளர் பதறிக்கொண்டு வந்தார்.

"உங்க பொண்ணை நிறுத்திடலாம்மா."

"அவ வெளியூர்ல பல்லு பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கா. அவளை விட்டுடுங்கண்ணே."

சொல்லிவிட்டாரே தவிர, பயம் போகவில்லை. இது நாற்காலியோடு போகிற விஷயமா, ரத்தத்தில் ஒட்டிக்கொண்டதா என்று யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் என்றால், ஆள் அனுப்பும் அதிகாரம் போய்விடும், குழி மட்டும் மிஞ்சும். அவருக்குப் பிறகு மகள் வீட்டில் விழும்.

தேர்தலில் மருந்துக்கடைக்காரர் ஜெயித்தார். அவர் பதவியேற்ற காலையில் தலைவரம்மா விழாவுக்குப் போகாமல், கணவரோடு குழியின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூடலைன்னா என்ன பண்ணுவே?"

"நானே கூடையில மண்ணு சுமந்துக்கிட்டுச் சந்தைத் தெருவுக்குப் போவேன்."

பத்தே முக்காலுக்குத் தரை மெல்ல மேலே வந்தது. பழைய கோலத்திலேயே ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தின. அவர் ஒரு காலை வைத்துப் பார்த்தார், பிறகு மற்றதையும். குழி இருந்த இடத்தில் நின்றபடி ரொம்ப நேரம் அழுதார்.

மதியம் மருந்துக்கடைக்காரர் மனைவி போன் செய்தார்.

"அக்கா, எங்க கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு குழி விழுந்திருக்கு."

"முழங்கால் ஆழமா?"

"ஆமாக்கா."

"அது சந்தைத் தெரு. இன்னைக்கே ஆள் அனுப்பச் சொல்லும்மா. சுத்தி நடக்க மட்டும் பழகிடாதீங்க. நாங்க பழகிட்டோம்."

மறுநாள் மாலைக்குள் தெருக் குழியும் கட்டிலோரக் குழியும் மூடிவிட்டன. அதன்பின் ஊரில் எங்கே அடைத்தாலும் மருந்துக்கடைக்காரர் வீட்டில் அடைத்தது. ஆட்கள் முன்பைவிட வேகமாகவே ஓடினார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தலைவரம்மா வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லாத் தெருக் குழாய்களையும் பார்த்துவிட்டு வந்தார். எதுவும் சொட்டவில்லை. கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் தேய்ந்த வாஷரைக் கழற்றித் தலைவரம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புதியதைப் போட்டு முடுக்கினார்.

"அவ்வளவுதானா?" என்றார் தலைவரம்மா.

"அவ்வளவுதாம்மா. உங்க வீட்டுக் குழாய், பழசாயிடுச்சு."

நாற்பது வருஷமாக மனைவி முகத்தில் பார்க்காத சிரிப்பு ஒன்றைக் கணவர் அன்று பார்த்தார்.