நேரலையில் போன வீடு

1.

இது கோபத்தில் பிறந்த கதை, ஒளிக்க என்ன இருக்கிறது. ஒரு கட்சி தன் மேயர் வேட்பாளரைத் தெரிவு செய்ய நடத்திய விவாதத்தை முகநூல் நேரலையில் இரண்டு மணிநேரம் பார்த்துத் தொலைத்தேன். மேடையில் பேசிய ஒருவரும் நினைவில் இல்லை. அதில் ஒருவர் பேசும்போது, கீழே ஓடிய கருத்துகளில் "பொய்" என்று ஒரேயொரு சொல்லை எழுதிவிட்டுப் போன பெண்தான் மனதில் நிற்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளுக்கு அவள் யார்? (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கு என் வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கும்.)

2.

முதல் தொடக்கம்: மட்டக்களப்பு வாவியின் மேல் அந்திவெயில் பொன்னாக உருகி

விட்டுவிட்டேன். வாவி தன்பாட்டில் கிடக்கட்டும்.

இரண்டாவது: கேதீஸ்வரி, நாற்பத்தாறு வயது, கல்லடி. விவாதத்தில் நின்ற மூவரில் ஒருவரான வினாயகமூர்த்தியின் மனைவி. ஞாயிறு பின்னேரம், பாலத்துக்கு அங்கால் டவுன் மண்டபத்தில் அவர் பேச, இவள் குசினியில் சீனிப் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். ஹோலில் கட்சிக் கிளைக்காரர் எட்டுப் பேர் டிவியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் தேத்தண்ணி ஊற்றுவது இவள்தான்.

இது சரி. இப்படியே போவோம்.

3.

நல்ல பார்வையாளராகத்தான் தொடங்கினாள். அவர் வாய் திறக்க முன்பே இதயம் அனுப்பினாள். கடற்கரைக் குப்பைக்கு அவர் சொன்ன திட்டம், போன கிழமை சோறு போடும்போது இவள் சொன்னது. சொல்லிட்டுப் போகட்டும் என்று அதற்கும் ஒரு இதயம். பிறகுதான் மூவரில் இன்னொருவனான இளம் சட்டத்தரணி நிதுர்ஷன் அவரை மடக்கினான்.

"அண்ணன், கட்சிக்கு நீங்க இதுவரைக்கும் என்ன குடுத்திருக்கீங்க?"

வினாயகமூர்த்தி நெற்றியைத் துடைத்தார். "கல்லடியில இருக்கிற என்ட வீட்ட கட்சி அலுவலகத்துக்கு எழுதித் தாறன். எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

மண்டபம் கைதட்டியது. ஹோலில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

(வெளியூர் வாசகருக்கு ஒரு அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே: எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் பெண் புறப்படுவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வீடு, தாய் மகளுக்கு எழுதுவது. இந்த வீடும் அப்படித்தான். கேதீஸ்வரிக்குப் பிறகு அவள் மகளுக்கு. இருபத்திரண்டு வருடம் இருந்ததில் மனிசன் அதை மறந்தே போனார்போல.)

4.

கேதீஸ்வரி அழு

இல்லை. மூன்று தடவை அழவைத்துப் பார்த்தேன், அவள் மசியவில்லை. ஈரக்கையைத் துடைத்துவிட்டு எழுதினாள்: "நீங்க இருக்கிறது என்ட வீடு. அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல. கேதீஸ்வரி, கல்லடி."

மேடையில் பார்வையாளர் கருத்துகளை வாசித்த பிள்ளை, எழுதினது யாரென்று தெரியாமல் முழுவதையும் மைக்கில் வாசித்துவிட்டது.

(இங்கே அவர் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். மண்டபமே கண்கலங்கியது. எனக்கே வெட்கமாகிப் போய் அழித்தேன்.)

வினாயகமூர்த்தி சிரித்தார். "அது என்ட மனிசி. பகிடி விடுறா. வீட்ட போய்க் கதைக்கிறம்."

மண்டபம் சிரித்தது. ஹோலிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் டிவியை நிறுத்தினாள்.

"எழும்புங்க."

கிளைச் செயலாளர் வினோஜன் கோப்பையோடு நெளிந்தான். "அண்ணி, வாக்கெடுப்பு முடியட்டுமே."

"வெளிய நிண்டு ஃபோன்ல பாருங்க. கோப்பைய வச்சிட்டுப் போங்க."

எட்டுப் பேரும் செருப்பைத் தேடினார்கள். கேற்றைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள். வாக்கெடுப்பில் யார் வென்றது என்கிறீர்களா? அவள் பார்க்கவில்லை. ஆகவே எனக்கும் தெரியாது.

5.

ஒரு மணிநேரத்தில் வினாயகமூர்த்தி கேற்றடியில் நின்றார்.

"கேற்றத் திற கா, கேதீஸ். சனம் பாக்குது."

"பாக்கட்டும். சனத்துக்கு முன்னாலதானே குடுத்தீங்க."

"நீ கையெழுத்து வச்சாத்தானே எழுதலாம். அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

அவர் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த வரியில் நாலு நாளாக நிற்கிறேன். இதுவரை வாசித்த நண்பர் ஒருவர், "திறக்கச் சொல்லு, குடும்பம்தானே" என்கிறார். அதையே வாசித்த காத்தான்குடித் தோழி நிஸ்மியா, "அவ திறந்தா நான் உங்களோட கதைக்கமாட்டன்" என்கிறாள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் சாவியை அவள் கையிலிருந்து பறித்தவன் நான்தான். தன்னுடையதல்லாத வீட்டை ஊரறியத் தூக்கிக் கொடுத்த மனிசனை ஏசி இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அந்தக் கேற்றைத் திறக்கவோ பூட்டவோ நான் யார்?

முடிவு வேண்டுமென்றால் கல்லடிக்குப் போய் அவளிடமே கேளுங்கள். கேற்றுக்கு வெளியே நின்று கேளுங்கள்.