புகார் இல்லாத வார்டு

தரச்சான்று கொடுக்க ஆய்வுக்குழு வருகிறது என்றதும், மாமியார் வருகிற அன்றைக்கு மட்டும் ஒட்டடை அடிக்கும் மருமகளைப் போல ஆஸ்பத்திரியே பரபரத்தது. ஆண்கள் வார்டின் பெரிய சிஸ்டருக்கு அந்த அவசரம் தேவைப்படவில்லை. அவள் வார்டு என்றைக்கும் சுத்தம்தான். அவளை அரித்த கவலை வேறு. ஜன்னலோரக் கட்டிலில் விசில் தாத்தா படுத்திருந்தார்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை நோயில் கால் விரல்கள் இரண்டை எடுத்திருந்தார்கள். விரல் போனதே தவிர வாய் போகவில்லை. விளக்கு கண்ணைக் குத்துகிறது, அழைப்பு மணி கைக்கு எட்டவில்லை, கழிப்பறைத் தரை வழுக்குகிறது என்று அவர் நொட்டை சொல்லாத நாளே கிடையாது. "விசில் ஊதியாச்சு" என்று நர்ஸ்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். பெரிய சிஸ்டருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் முணுமுணுத்தபடியே ஒவ்வொன்றையும் சரிசெய்து கொடுத்தாள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வந்ததே அவர் போட்ட சத்தத்தால்தான்.

ஆய்வுக்கு முதல் நாள் அவர் முகச்சவரம் செய்துகொண்டார். மகளிடம் சொல்லிச் சலவைச் சட்டை வரவழைத்தார்.

"நாளைக்கு வர்றவங்ககிட்ட நானும் நாலு வார்த்தை பேசணும், சிஸ்டர்."

அவளுடைய ஒரு வருஷ உழைப்பு. இந்த மனிதர் வாயைத் திறந்தால் எல்லாம் பாழ். இன்னும் இரண்டு நாள் இருந்தால் நல்லது, வீட்டிலேயே கட்டு மாற்ற முடியுமென்றால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். வீட்டு மனிதர்களோடு இருந்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று தேனொழுகச் சொன்னாள். அவர் அவளையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் பயணிகளை எடைபோட்ட கண்.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சுன்னு சொல்றீங்க. சரி, இறங்கிக்கிறேன்."

மறுநாள், குழுவில் வந்த கண்ணாடி போட்ட அம்மாள் சுவரையோ தரையையோ பெரிதாகப் பார்க்கவில்லை. கழிப்பறை வாசலில் நின்று, நோயாளி யாராவது குறை சொல்லி நீங்கள் மாற்றிய ஒன்றைக் காட்டுங்கள் என்றாள். கைப்பிடிக் கம்பி இருவருக்கும் எதிரேதான் இருந்தது.

"எங்க வார்டுல யாரும் குறையே சொன்னதில்லை, மேடம்" என்றாள் பெரிய சிஸ்டர், பெருமையாக.

"ஒருத்தர்கூடவா? அப்படின்னா சொல்லப் பயப்படறாங்களோ என்னமோ."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

சான்று எப்படியோ வந்துவிட்டது. வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதை மாட்டினார்கள். அடுத்த மாதமே விசில் தாத்தாவும் வந்துவிட்டார். வீட்டில் கட்டு சரியாக மாற்றப்படாமல் புண் மேலேறியிருந்தது. இந்த முறை பாதத்தையே எடுத்தார்கள். அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இங்க வாயைத் திறந்து சொன்னா காது கொடுத்துக் கேட்டு, சரிபண்ணித் தர்றாங்கன்னு சொல்லத்தான் அப்பா அன்னைக்குச் சட்டை கேட்டாரு. அந்தக் கம்பியைப் பத்தி எங்ககிட்ட ஒத்திகை மாதிரி நாலு தடவை பேசிப் பார்த்தாரு."

தன் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியைப் பெரிய சிஸ்டரே வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறாள்.

அவருக்கு அதே ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தாள். புதிதாக வந்த நர்ஸ் தண்ணீரை எட்டாத மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். விளக்கு நேராக அவர் முகத்தில் அடித்தது. அவர் முழங்கையால் கண்ணை மறைத்துப் படுத்திருந்தார். பெரிய சிஸ்டர் கட்டிலருகே நின்று, அவர் சத்தம் போடட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"அப்பா, ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கப்பா."

"ஒரு குறையும் இல்லை, சிஸ்டர். எல்லாம் நல்லா இருக்கு."

அவள் விளக்கை அணைத்தாள். தண்ணீரைப் பக்கத்தில் நகர்த்தினாள். அழைப்பு மணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மரியாதையாக வாங்கி, எட்டாத அந்த மேஜையை எக்கித் தொட்டு, அதன்மேல் திருப்பி வைத்தார்.