நாளைக்கு நகை எடுத்துடலாம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒருவன் கைப்பேசியில், "நாளைக்கு நகை எடுத்துடலாம், என்ன?" என்றான். மறுமுனையில் என்ன பதிலோ, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். வாங்கப் போகிறவன்தான், சந்தேகமில்லை. ஆனால் குற்றக்கதை எழுதியே காலம் தள்ளுகிறவனின் காது நல்ல காதா? நம் பேச்சில் வாங்குவதும் எடுப்பதுதான், திருடுவதும் எடுப்பதுதான் என்று அது குறித்துக்கொண்டது. எனக்கு உண்மையில் தூக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவில், கறுப்பு அங்கி அணிந்த ஓர் உருவம்—

(வேண்டாம். இந்த உருவத்தை எத்தனை கதைகளில் நனையவிட்டிருக்கிறேன். பாவம், சளி பிடித்திருக்கும்.)

அவள் கழுத்தில் வைரம் மின்னியது. அவள் கண்களிலோ—

(கண்களில் ஒன்றும் மின்ன வேண்டாம். ஆளை விடுங்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு நகைக்கடை. அங்கே விற்பனைப் பெண் ஒருத்தி. நாள் முழுக்க அடுத்தவர் வாங்கப்போகும் மாலைகளைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டிவிட்டு, சாயங்காலம் வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போகிறவள். கடையின் பெட்டகத்தைப் பழுதுபார்க்க வரும் பூட்டுக்காரனை அவள் காதலிக்கிறாள். வாசலில் நிற்கும் காவலாளி அவளைக் காதலிக்கிறான். சொன்னதில்லை. அவள் வரும்போது கதவைத் திறந்துவிடுவான், அவ்வளவுதான்.

(காவலாளியின் முகத்தை வர்ணிக்கப் போவதில்லை. முகம் எழுதி எழுதி அலுத்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்த நல்ல முகமாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.)

3

மதியம், கடையின் பின்படியில், பூட்டுக்காரன் அவளிடம் கேட்கிறான்: "நாளைக்கு நகை எடுத்துடலாம், என்ன?"

"சரி" என்கிறாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த காவலாளியின் காதில் இரண்டும் விழுந்துவிடுகின்றன. கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நினைத்து மனம் உடைந்து போகிறான்.

மறுநாள் பெட்டகத்துக்கு எண்ணெய் போடும் நாள். கடை திறக்குமுன் அவள்தான் பின்கதவைத் திறந்து பூட்டுக்காரனை உள்ளே விட்டாள். அவன் எண்ணெயும் போட்டான். ஒரு தட்டு மாலைகளைக் கருவிப்பெட்டியிலும் போட்டுக்கொண்டான். தெருமுனையில் பெட்டியின் கைப்பிடி கழன்று அத்தனையும் நடைபாதையில் கொட்டியது. ஊரார் பூட்டையெல்லாம் சரிசெய்கிறவன் சொந்தப் பெட்டியைக் கவனிக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் தனியாக உள்ளே போக விரும்பவில்லை.

"அவளுக்கும் தெரியும் சார். முந்தின நாளே கேட்டேன். சரின்னா" என்றான் இன்ஸ்பெக்டரிடம்.

4

இங்கே பேனா நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? முடிவு செய்ய வேண்டியவன் நான். எனக்கே தெரியவில்லை. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில், "அவதான் மாஸ்டர் மைண்டுன்னு வச்சிடுங்க சார். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க" என்றார். எதிர்பார்ப்பதை எழுதி எழுதித்தான் நான் இப்படி ஆகிவிட்டேன்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காவலாளிதானே சாட்சி? அவன் சொன்னா முடிஞ்சுது."

"என்ன சொல்லுவான்? வார்த்தைதான் ரெண்டு பக்கமும் பேசுதே."

"வார்த்தையை விடுங்க. அவ சரின்னு எப்படிச் சொன்னா? திருடப் போறவ சொல்ற சரி வேற. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போறோம்னு நினைச்சவ சொல்ற சரி வேற. நான் சொல்லியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"இப்ப சொல்லு பார்ப்போம்."

கொஞ்சம் யோசித்தாள். "இப்ப அந்த மாதிரி வராதுங்க" என்று மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது.

5

மாற்று முடிவுகள்.

காவலாளி, "என் காதுல ஒன்னும் விழலை சார்" என்கிறான். (அப்படியானால் பூட்டுக்காரன் பேச்சுதான் நிற்கும். அவள் உள்ளே.)

அவள் தப்பித்து ஓடுகிறாள். மலையுச்சியில் காவலாளி அவளை—

(மலை ஏற எனக்குத் தெம்பில்லை.)

6

மிச்சம் இருப்பது இன்ஸ்பெக்டரின் அறைதான். பெஞ்சின் ஓரத்தில் அவள். மேசைக்கு முன்னால் காவலாளி.

"அவ சரின்னு எப்படிச் சொன்னா? அதே மாதிரி சொல்லிக் காட்டு."

அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் கிசுகிசுத்திருந்தால், அவனும் கிசுகிசுத்தால் போதும். அவள் சிறைக்குப் போவாள். சந்தோஷம் தாங்காமல் சொல்லியிருந்தால், இன்னொருவன்மேல் அவள் வைத்திருந்த ஆசை முழுவதையும் அவன் தன் வாயால், அவள் முன்னாலேயே, சொல்லிக் காட்ட வேண்டும். அப்போது அவள் வீட்டுக்குப் போவாள். பொய்யும் சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"சொல்லுப்பா."

அவள் தலைநிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான்.

"சரி."

எழுதிவிட்டேன். ஆனால் தாளுக்குக் குரல் கிடையாது. இருப்பது இரண்டு எழுத்து; அதில் சிரிப்பு இருக்கிறதா, கிசுகிசுப்பு இருக்கிறதா என்று எழுதிய எனக்கே கேட்கவில்லை. நீங்கள் மனதுக்குள் ஏதோ ஒரு மாதிரி படித்திருப்பீர்கள். அதை அப்படியே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.