பத்து மணிக்கு மூடிக்கொள்ளும் பூக்கள்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் விவசாயப் பிரிவு எடுக்கும் டீச்சர் போன் செய்தார். மேல்வகுப்பில் அந்தப் பிரிவுக்குப் பத்துப் பேராவது சேர வேண்டும், இல்லையென்றால் மூடிவிடுவார்களாம். "கதையைப் படிச்ச பசங்க அப்படியே வயல்ல குதிக்கணும் சார். நாலு பக்கம் போதும்" என்றார்.

முதல் வரி இப்படி வந்தது: பொன்னிறக் கதிர்கள் தலையசைத்து வரவேற்க, அந்த இளைஞன் ஏர் பிடித்து—

நிறுத்திவிட்டேன். ஏர் பிடிக்கும் இளைஞன் எவனையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: உலகில் எத்தனை தொழில்கள் இருந்தாலும்—

எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தது. டீச்சரையே கூப்பிட்டுக் கேட்டேன். "நிஜமாவே யாராவது இளவயசுல விவசாயம் பண்றாங்களா?"

"ஒருத்தி இருக்கா. பூசணி போடறா."

2

பூசணிக்காரிக்கு வயது இருபத்தேழு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மூன்று வருடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திட்டுகிறவர்களுக்கெல்லாம் "உங்கள் பொறுமைக்கு நன்றி" சொல்லிக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு, சும்மா கிடந்த சித்தியின் நிலத்தில் இறங்கினாள். யாராவது விசாரித்தால் அவளுடைய அம்மா இன்றைக்கும் "லீவுல இருக்கா" என்றுதான் சொல்கிறாள். ஐந்து வருட லீவு.

[இங்கே அவளை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. போனில் படித்துக் காட்டினேன். "கழுத்துக்குப் பின்னால தோல் உரியுது, அதையும் சேத்துக்கோங்க" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

3

பள்ளியில் ஒரு நாள், என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மேசையில் தள்ளுமுள்ளு. விமான நிறுவன மேசையில் சீருடை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். பூசணிக்காரியின் மேசையில் ஒரு பூசணிக்காய், பக்கத்தில் டீச்சர். இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சீருடைப் படம் எடுத்துக்கொண்ட ஒரு பெண், வழி தவறியவள் மாதிரி இங்கே வந்து நின்றாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஏன்'.

"அக்கா, உங்களுக்கு வேற வேலை கிடைக்கலையா?"

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது.

"கிடைச்சுது. மூணு வருஷம் பாத்தேன்."

"இதுல லீவு உண்டா?"

"மழை விடாம அடிச்சா உண்டு. ஆனா அன்னைக்கு நிம்மதி இருக்காது."

"அப்புறம் எதுக்கு இது?"

இந்த இடத்தில் ஒரு பொன்மொழியை அவள் வாயில் வைக்க எனக்குக் கை அரித்தது. அவள் சொன்னது இதுதான்: "சொன்னா புரியாது. சனிக்கிழமை வா. சீக்கிரம் வா, பத்து மணிக்குப் பூ மூடிடும்."

4

சனிக்கிழமை டீச்சர் பதினோரு பேரைக் கூட்டிப் போனார். சும்மா சுற்றிப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அதற்கு முன் ஐந்து நாள் அடைமழை. தேனீ ஒன்றுகூட வரவில்லை. மகரந்தம் சேராத பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. அன்றுதான் வானம் வெளுத்திருந்தது. விடிந்ததிலிருந்து பூசணிக்காரி தனியாகப் பூப் பூவாகக் குனிந்துகொண்டிருந்தாள். பஸ் போய்ச் சேர எட்டரை. பாதி நிலம் மிச்சம்.

"வாங்க, வாங்க! பூவுக்குக் கீழ குட்டிக் காய் இருந்தா பெண் பூ. இல்லன்னா ஆண் பூ. ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்கற மஞ்சளைப் பெண் பூவுக்குள்ள மெதுவாத் தடவுங்க. தடவினதுல அடையாளத்துக்கு நூல் கட்டுங்க. கொடியை மிதிக்காதீங்க!"

அந்தப் பருவத்து விளைச்சலே போய்விடும் போல இருந்தும், அவள் யாரையும் அதட்டவில்லையாம். ஒருவன் அவசரத்தில் பெண் பூவைப் பறித்துக்கொண்டு வந்து திருதிருவென்று நின்றான். "பறிச்சாச்சு, பரவால்ல. உள்ள எப்படி இருக்குன்னு பாரு" என்று பிளந்து காட்டியிருக்கிறாள். டீச்சர் இதைச் சொன்னபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் பயிர் அழியும் நேரத்தில் எனக்கு அந்த வார்த்தை வந்திருக்காது.

பத்து மணிக்கு இதழ்கள் சுருங்கின. 'ஏன்' ஒன்றரை மணி நேரமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழங்கால்வரை சேறு, மூக்கு நுனியில் மஞ்சள் பொடி. அவள் கட்டிய நூல் மட்டும் இருபத்தாறு.

5

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாக வந்தாள். இருபத்தாறில் பத்தொன்பது பிஞ்சு பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"மீதி ஏழு? நான் சரியாத் தடவலையா?"

"நான் தடவினதுலயும் போயிருக்கு. சிலது நிக்காது."

அதற்குள் விவசாயப் பிரிவில் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பத்தாவது படிவம் இவள் பையில் இருந்தது. அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் திங்கள்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். மகளைத் தேடி வரப்புக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ ஆபீஸ்ல இருந்துட்டு வந்தவ. இது சரிப்படலன்னா திரும்பிப் போயிடுவ. என் பொண்ணு எங்க போவா?"

அவரை முரடராக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்குப் பிறகு முடியவில்லை.

"நியாயம்தான் சார்" என்றாள் பூசணிக்காரி. "சேருன்னு நான் சொல்லல. ஆனா அவளுக்கு இந்த வேலை கைவருது. அதைச் சொல்லாம இருக்க முடியல."

அப்பாவின் கண்கள் கலங்கி— அடித்துவிட்டேன். கலங்கவில்லை. "வா, போலாம்" என்றார்.

6

டீச்சருக்கு வேண்டிய முடிவு: கையெழுத்து, பத்துப் பெயர், கைதட்டல். எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனால்தான் சந்தேகம். இன்னொன்று: பல வருடம் கழித்து விமானத்தின் ஜன்னல் வழியே 'ஏன்' கீழே ஒரு பச்சைத் துண்டைப் பார்த்து—

இரண்டையும் பூசணிக்காரியிடம் படித்தேன். "ரெண்டும் வேணாம் சார். அவங்களே இன்னும் முடிவு பண்ணல. நீங்க எதுக்கு அவசரப்படறீங்க?"

இன்று ஞாயிறு. படிவம் கையெழுத்தில்லாமல் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே அப்பா கேட்டாராம். மகள் பூசணிக்காரியிடம் சொல்லி, பூசணிக்காரி என்னிடம் சொன்னது:

"அந்தப் பூவெல்லாம் எத்தனை மணிக்கு விரியும்?"

"விடியறப்பவேப்பா."

"ம்ம். அடுத்த சனிக்கிழமை எனக்கு மத்தியானம்தான் டியூட்டி."

அவ்வளவுதான், போய்விட்டார். அது சம்மதமா, வேவு பார்க்கப் போகிறாரா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒரு மகளோ அப்பாவோ இருப்பார்கள், நீங்கள் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் நாளை என்று ஒரு நாள் இருக்கிறது.