குற்றாலத்தில் ஒரு பிரசவ பில்

எண்பத்தொன்பதில் தென்காசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரே பொம்பளை நான்தான். பெயர் அகிலாண்டம். கோபம் மூக்குக்கு மேலே. மெஷின் பாங்குக் கடனில் வந்தது, படிக்கத்தான் ஆள் வரவில்லை. சீசன் முடிவதற்குள் தவணை கட்டாவிட்டால் மெஷினைத் தூக்கிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் வல்லிநாயகம் அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பில் போடுவதைக் கவனித்துக்கொண்டால் மாசாமாசம் சம்பளம் என்று பேச்சு. அதற்கான சாஃப்ட்வேர் விலையை நான் சொன்னதும் சிரித்தார்.

“அந்த விலைக்கு மாடியில ரெண்டு ரூம் கட்டிருவேன் தாயி. மருமவன் மதுரையில சும்மாவே காப்பி பண்ணித் தாரான்.”

அவரையும் குறை சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகளுக்கென்று வைத்த விலையை இந்த ஊரில் யார் கொடுப்பார்கள்?

மருமகன் ஃபிளாப்பித் தட்டில் காப்பி பண்ணிக் கொண்டுவந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் சாஃப்ட்வேர். பில்லின் தலையில் ஆஸ்பத்திரி பெயர்தான் விழும், மாற்ற வழியில்லை. ரூமுக்கு ‘வார்டு’, ஆளுக்கு ‘பேஷன்ட்’. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“மேல கிழிச்சுட்டுக் குடு. அருவியில குளிக்க வந்தவன் மிச்ச இங்கிலீஷை எங்க படிக்கப் போறான்?” என்றார் அண்ணாச்சி.

சாரல் நன்றாக விழுந்தது, கூட்டமும் அள்ளியது. அவசரத்தில் ஒரு பில்லைக் கிழிக்காமல் கொடுத்துவிட்டார்கள். வாங்கிப் போனவன் நயினார், புது மாப்பிள்ளை. அவன் சட்டைப்பையில் இருந்ததை வாசுதேவநல்லூரில் மாமனார் செல்லச்சாமி படித்துவிட்டார். ‘மெட்டர்னிட்டி ஹோம். பேஷன்ட்: நயினார் அண்ட் வைஃப்.’

மறுநாளே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லாட்ஜுக்கு வந்துவிட்டார்.

“தாலி கட்டி ஒரு வாரம் ஆவல. பிரசவ ஆஸ்பத்திரியில எம் மவளுக்கு என்னவே சோலி?”

அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டினார். “எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்காரி செஞ்ச வேலை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூமைக் காலி செய்ய நின்ற புளியறை லாரி டிரைவருக்கு ஒரு பில் அடித்து நீட்டினேன். மீசைக்கார டிரைவரும் பேஷன்ட்தான் என்று கண்டபிறகே செல்லச்சாமி மாப்பிள்ளையின் கையை விட்டார்.

“கம்ப்யூட்டரும் வேண்டாம், நீயும் வேண்டாம்,” என்றார் அண்ணாச்சி. அவர் சம்பளம் இல்லாவிட்டால் தவணை இல்லை, என் மெஷினும் போயே போச்சு.

“நானே எழுதித் தாரேன். அதுவரைக்கும் கையால பில் போடுங்க,” என்றேன்.

மெஷினோடு இலவசமாக வந்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பல நாள் உட்கார்ந்து எழுதினேன். லாட்ஜ் பெயரோடு, ரூமை ரூம் என்றே சொல்லி பில் விழுந்தது. அண்ணாச்சிக்குப் பல்லெல்லாம் சிரிப்பு.

“ஒரு ஃபிளாப்பி என்ன விலைட்டி? அதைத் தந்திருதேன்.”

அத்தனை நாள் உழைப்புக்கு ஃபிளாப்பி விலையா? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் யோசித்தேன்.

“அது போதும் அண்ணாச்சி. எழுதினதையும் பேப்பர்ல அடிச்சுத் தாரேன். யாரு வேணும்னாலும் காப்பி பண்ணட்டும், திருத்தட்டும். வாடகை ஏறினா, ரூம் கூடினா நான் வந்து மாத்தணும்னா, பேசின மாசச் சம்பளத்தைத் தரணும்.”

“மாசாமாசமா? அதுக்கும் மருமவன்ட்ட ஒரு காப்பி...”

“என்னைய எந்த ஃபிளாப்பியில காப்பி பண்ணுவிய?”

அண்ணாச்சி கல்லாவைத் திறந்து முதல் மாசச் சம்பளத்தை எண்ணி வைத்தார். எதிர் லாட்ஜ்காரர் அன்றைக்கே பிரதி கேட்டு வந்தார், கூடவே என்னையும் கேட்டார். தவணையைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.